அந்த நாலு பேர் யார்? தன்னம்பிக்கையும் சி.பி.டி.யும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிக் கடைசி ஆண்டிலும் முதல் வேலையிலும் இருப்பவர்கள்தான் என்னிடம் ஆலோசனைக்கு அதிகம் வருகிறார்கள். முதல் சந்திப்பில் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. உதாரணங்கள் எதுவும் தனி ஒருவருடைய கதை இல்லை; பலருடையதைக் கலந்து, அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.

சி.பி.டி. என்றால் என்ன?

விரித்துச் சொன்னால் காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி; தமிழில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர்தான் மிரட்டுகிறது. ஒரு நிகழ்வுக்கும் அதனால் நமக்கு வரும் உணர்ச்சிக்கும் நடுவே ஓர் எண்ணம் ஓடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைவதால் அதை நாம் பிடிப்பதில்லை. அது விட்டுப்போன படபடப்பை மட்டும்தான் உணர்கிறோம். எதிரே வந்த தோழி சிரிக்காமல் கடந்து போகிறாள். "என் மேல் ஏதோ கோபம்" என்று மனதில் ஓடினால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. "கண்ணாடி போட மறந்துவிட்டாள்போல" என்று ஓடினால் அடுத்த நிமிடமே மறந்துவிடுவோம். நடந்தது ஒன்றுதான். நடுவில் ஓடிய எண்ணத்தைப் பிடித்து, அது எவ்வளவு உண்மை என்று விசாரிப்பது சிகிச்சையின் ஒரு பாதி. எண்ணத்துக்குப் பயந்து எதையெல்லாம் செய்யாமல் விட்டோமோ அவற்றைச் சிறிது சிறிதாகச் செய்து பார்ப்பது மறு பாதி.

இதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். பிலடெல்பியாவில் பணியாற்றியவர்; 2021இல் நூறு வயதில் மறைந்தார். அவர் பயின்றது பிராய்டு வழி உளப்பகுப்பாய்வு. மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்பது அந்த வழியினரின் கருத்து. அதை மெய்ப்பிக்கலாம் என்றுதான் மனச்சோர்வு உள்ளவர்களின் கனவுகளை ஆராய்ந்தார். கனவுகளில் கோபத்தைக் காணவில்லை; தோல்வியும் இழப்பும்தான் திரும்பத் திரும்ப வந்தன. விழித்திருக்கும்போதும் அவர்கள் தங்களைப் பற்றி அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தன் கொள்கையைச் சோதிக்கப் போனவர், சோதனை வேறு பதில் சொன்னதும் கொள்கையைக் கைவிட்டார். 1960களில் அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்தச் சிகிச்சை.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்வதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பலர் அந்தக் காணொளிகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று தினமும் இருபது முறை சொல்லியிருப்பார்கள். பலிக்கவில்லை என்றதும், "இதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை" என்று இன்னொரு குறையையும் சேர்த்துக்கொண்டு வருவார்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோவான் வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரியவர்" என்ற வாசகத்தைப் பங்கேற்றவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சுயமதிப்பு ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களுக்கு அதனால் சிறிது பயன் கிடைத்தது. சுயமதிப்பு குறைவாக இருந்தவர்களோ, வாசகத்தைச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். இதில் வியப்பில்லை. நம்பாத ஒன்றை உரக்கச் சொன்னால், உள்ளேயிருந்து ஒரு குரல் "பொய்" என்று மறுக்கத்தான் செய்யும்.

சி.பி.டி.யில் உங்களைப் பற்றி நல்லதாக நினைக்கச் சொல்ல மாட்டோம். நியாயமாக நினைக்கச் சொல்வோம்.

தன்னம்பிக்கை குறைவாக இருப்பது ஒரு நோயா?

நோய்ப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் கிடையாது. ஆனால் மனச்சோர்வு, சமூகப் பதற்றம், சாப்பாட்டோடும் உடல் தோற்றத்தோடும் தொடர்புள்ள கோளாறுகள் போன்றவற்றோடு இது சேர்ந்தே வரக்கூடும். அதனால் முதலில் அவை இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது வழக்கம். இருந்தால் சிகிச்சையின் வரிசை மாறும்.

முதல் அமர்வில் என்ன நடக்கும்? படுக்க வைத்துக் குழந்தைப் பருவத்தைக் கேட்பார்களா?

நாற்காலியில்தான் உட்கார வைப்பார்கள். பெரும்பாலும் நாற்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை பேச்சு. ஒன்றிரண்டு கேள்வித்தாள்கள் கொடுக்கலாம். மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட பத்துக் கேள்வி கொண்ட சுயமதிப்பு அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிறகு, எதை மாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். "தன்னம்பிக்கை வேண்டும்" என்ற பதிலோடு யாரும் விட்டுவிட மாட்டார்கள். தன்னம்பிக்கை வந்துவிட்டால் வரும் திங்கட்கிழமை எதை வேறுவிதமாகச் செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. "குழுக் கலந்துரையாடலில் ஒருமுறையாவது வாயைத் திறப்பேன்" என்று பதில் வந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அதை எண்ண முடியும், சோதிக்க முடியும்.

எண்ணங்களை எழுதச் சொல்கிறார்களே, அதை எப்படி எழுதுவது?

ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவளுடைய செமினார். ஏழு நிமிடம் பேசினாள். நடுவில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் நின்றாள். கடைசி பெஞ்சில் இருவர் சிரித்தார்கள். அன்று இரவு அவள் எழுத வேண்டியது இது.

முதலில் நடந்தது மட்டும், சிசிடிவி கேமரா பதிவு செய்ததுபோல: "பேசினேன். ஓர் இடத்தில் சில நொடிகள் நின்றேன். இருவர் சிரித்தார்கள்." "மானம் போய்விட்டது" என்று இங்கே எழுதக் கூடாது, அது நிகழ்வில் சேராது, எண்ணத்தில் சேரும். அடுத்தது மனதில் ஓடிய வாக்கியம்: "நான் ஒரு முட்டாள் என்று வகுப்பே முடிவுகட்டிவிட்டது." அதை எவ்வளவு நம்புகிறாள்? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. உணர்ச்சி என்ன? வெட்கம், தொண்ணூறு.

இப்போது விசாரணை. அந்த எண்ணத்துக்கு ஆதரவான சாட்சியங்கள்: நின்றது உண்மை, இருவர் சிரித்ததும் உண்மை. எதிரான சாட்சியங்களை எழுதச் சொன்னால் எல்லோரும் பேனாவைக் கடிப்பார்கள். அப்போதுதான் சிகிச்சையாளர் கேட்பார். வகுப்பில் எத்தனை பேர்? ஐம்பத்தெட்டு. மற்ற ஐம்பத்தாறு பேரின் முகங்களைப் பார்த்தாயா? இல்லை, தரையைப் பார்த்தேன். சிரித்த இருவரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா? மேசைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் என்ன செய்தார்? மூன்றாவது வரைபடத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டார். பதில் சொன்னாயா? சொன்னேன்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு ஒரு புதிய வாக்கியம்: "ஓர் இடத்தில் நின்றேன். இருவர் சிரித்தார்கள், எதற்கென்று எனக்குத் தெரியாது. மீதியைச் சொல்லி முடித்தேன், கேள்விக்கும் பதில் சொன்னேன்." வெட்கம் இப்போது எவ்வளவு? ஐம்பது.

பூஜ்யமாகவில்லையே என்று சிலர் ஏமாற்றமடைவார்கள். தொண்ணூறு இருந்தால் அடுத்த செமினாருக்கு விடுப்பு எடுக்கத் தோன்றும். ஐம்பதோடு மேடை ஏறிவிடலாம். எனக்கு அந்த வித்தியாசமே போதும்.

ஒன்று மட்டும்: இதை மனதிலேயே செய்துகொள்கிறேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. மனதுக்குள் வாதாடினால் பழைய எண்ணமே ஜெயிக்கும்; பல வருடப் பயிற்சி அதற்கு இருக்கிறது. எழுதுங்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்பது எண்ணம் இல்லையே, உண்மைதானே?

உண்மைதான். எண்ணத்தை மாற்றினால் ஆங்கிலம் வந்துவிடாது.

ஆனால் உங்கள் வாக்கியத்தை இரண்டாக வெட்டிப் பாருங்கள். "எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது" என்பது தகவல். "அதனால் நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது தீர்ப்பு. நேர்முகத் தேர்வில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. முதலாவதற்கு மருந்து பயிற்சி: தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசுவது, பிழையைத் திருத்த ஒரு நண்பர், சில மாதப் பொறுமை. இரண்டாவதற்குத்தான் சி.பி.டி. தேவைப்படுகிறது. இரண்டாவதைத் தீர்க்காமல் முதலாவது நகரவும் நகராது. தீர்ப்பை நம்புகிறவர் பிழையாகப் பேசக்கூட வாயைத் திறப்பதில்லை. பிழையாகப் பேசாமல் எந்த மொழியையும் யாரும் கற்றதில்லை.

குறை உண்மையாகவே இருக்கும் இடத்தில் "அதெல்லாம் உன் கற்பனை" என்று சொல்லும் சிகிச்சையாளர் கிடைத்தால் ஆளை மாற்றிவிடுங்கள்.

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம் போகுமா?

தமிழில் இந்தச் சிகிச்சையைச் செய்யும்போது இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த நாலு பேரின் பெயரை எழுதச் சொல்வேன். முதல் பெயர் உடனே வரும்: பெரும்பாலும் ஒரு சித்தப்பா அல்லது அத்தை. இரண்டாவது பள்ளிக்காலத் தோழர். மூன்றாவதற்கு யோசிப்பார்கள். நான்காவதாகப் பலர் எழுதுவது, "தெருவில் இருப்பவர்கள்." பெயரில்லாத ஒரு கூட்டம் மனதில் இருந்துகொண்டு ஆட்டிவைக்கிறது, காகிதத்தில் எழுதினால் அது இரண்டரைப் பேராகச் சுருங்கிவிடுகிறது. அந்த இரண்டரைப் பேர் கடைசியாக உங்களைப் பற்றி என்ன சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று அடுத்து கேட்பேன். தீபாவளிக்கு வந்தபோது சித்தப்பா சம்பளத்தைக் கேட்டார், அதற்குப் பிறகு பேசவே இல்லை என்பார்கள்.

பிறர் நம்மை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று நாம் போடும் கணக்கே தப்பு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாமஸ் கிலோவிச்சும் குழுவினரும் மாணவர்களுக்கு ஒரு டி-ஷர்ட்டை அணிவித்தார்கள். அந்த வயதினர் போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் ஒரு பாடகரின் படம் அதில் இருந்தது. அதோடு மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போகச் சொன்னார்கள். படத்தில் இருப்பவர் யார் என்று ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்பது போட்டுக்கொண்டவர்களின் கணிப்பு. கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். 2000இல் வெளியான ஆய்வு இது. மற்றவர்கள் அவரவர் சட்டையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

செய்து பார்ப்பது என்றால் என்ன மாதிரி வேலைகள் கொடுப்பார்கள்?

இதைச் செயல்வழிச் சோதனை என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு துணிச்சலாகக் குதிப்பது இல்லை. என்ன நடக்கும் என்ற கணிப்பை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் செய்வது.

நான் அடிக்கடி கொடுக்கும் வேலை ஒன்று: ஜவுளிக்கடைக்குத் தனியாகப் போய், ஐந்தாறு சட்டைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, எதையும் வாங்காமல் வெளியே வர வேண்டும். நம் ஊரில் வளர்ந்த பலருக்கு இது பேய்வீட்டுக்குள் போவது மாதிரி. "கடைக்காரர் முகம் சுளிப்பார், ஏதாவது சொல்லிவிடுவார்: 80 சதவீதம். எனக்கு அன்று முழுக்கத் தாங்காது: 90 சதவீதம்" என்று ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். கடைக்காரர் சட்டைகளை மடித்துக்கொண்டே அடுத்த வாடிக்கையாளரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். இன்னொருவருக்கு நிஜமாகவே முகச்சுளிப்பு கிடைத்தது. அந்தச் சங்கடம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டேன். பஸ் வரும்வரை என்றார். கணிப்பு பலித்தாலும் பொய்த்தாலும் இதில் நஷ்டமில்லை. பலித்தால், அதைத் தாங்க முடிகிறது என்று தெரிந்துகொள்கிறோம்.

(விற்பனையாளரின் உழைப்பை நினைத்து ஒருமுறை என்னைக் கண்டித்தார் ஒரு மாணவர். நியாயம். அவருக்கு மட்டும் வேறு வேலை கொடுத்தேன்: பஸ்ஸில் உரத்த குரலில் நிறுத்தத்தின் பெயரைக் கேட்பது.)

இந்த வழிக்கு ஒரு முன்னோடி உண்டு. பெக்கைப் போலவே இத்துறைக்கு அடித்தளமிட்டவர் ஆல்பர்ட் எல்லிஸ். பெண்களிடம் பேசவே நடுங்கிய அவர், 19 வயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரு மாதம் தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டார்: பெஞ்சில் தனியாக இருக்கும் பெண்ணைக் கண்டால் ஒரு நிமிடத்துக்குள் பேச்சுக் கொடுத்துவிட வேண்டும். 130 பேரை அணுகியதாகவும், 30 பேர் எழுந்து போய்விட்டதாகவும், மீதி நூறு பேரிடம் பேசியதாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டவர் ஒருவர், அவரும் வரவில்லை. கணக்குப்படி முழுத் தோல்வி. ஆனால் யாரும் அலறவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை, அவருடைய நடுக்கமும் போய்விட்டது. இன்றைய பூங்காவில் இதை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவரைத் தொந்தரவு செய்யாத சோதனைகள் நிறைய இருக்கின்றன.

நான் எல்லாவற்றையும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் பயம் குறையவில்லையே?

எப்படிச் செய்கிறீர்கள் என்று பாருங்கள். பேச்சை வரிவரியாக மனப்பாடம் செய்கிறீர்களா? கை நடுங்குவது தெரியாமலிருக்க மைக்கை இறுகப் பிடிக்கிறீர்களா? விருந்துக்குப் போனால் வராத அழைப்புக்குப் போனைக் காதில் வைக்கிறீர்களா? சந்தேகத்தைத் தோழியை விட்டுக் கேட்கச் சொல்கிறீர்களா? இவை பாதுகாப்பு நடத்தைகள். காரியம் நன்றாக முடிந்தாலும், "மனப்பாடம் செய்ததால் தப்பித்தேன்" என்று பெருமை முழுவதும் ஊன்றுகோலுக்குப் போய்விடுகிறது. கால் பலமாக இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995இல் இதைத் தெளிவாக விளக்கினார்கள். பதற்றத்தில் இருப்பவர் எதிரில் இருப்பவரைக் கவனிப்பதில்லை, தன்னைத்தானே கவனித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே இதயம் அடித்துக்கொள்வதை வைத்து, வெளியே தானும் அப்படியே தெரிவதாக முடிவுசெய்கிறார். அதனால் பேசுவதைக் காணொளியாக எடுத்துப் போட்டுக் காட்டுவது இந்தச் சிகிச்சையில் ஒரு வழக்கம். பார்ப்பதற்கு முன் பலர் கெஞ்சுவார்கள். பார்த்த பிறகு, "குரல் நடுங்கியது எங்கே?" என்று தேடுவார்கள்.

சிறுவயதிலிருந்தே மட்டம்தட்டி வளர்க்கப்பட்டவர்களுக்கும் இது உதவுமா?

உதவும், ஆனால் நேரம் பிடிக்கும். நிறத்தைச் சொல்லிச் சிரித்த உறவினர், தொண்ணூற்றெட்டு வாங்கியபோது மீதி இரண்டு எங்கே என்ற அப்பா, அக்காவோடு ஒப்பிட்ட ஆசிரியர். இப்படிப் பல கைகள் சேர்ந்து எழுதிய ஒரு தீர்ப்பு அடிமனதில் கிடக்கும்: "நான் போதாதவன்." ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய மெலனி ஃபென்னல் 1997இல் வகுத்த விளக்கத்தின்படி, அந்தத் தீர்ப்போடு வாழ்வதற்கு நாம் சில விதிகளை உண்டாக்கிக்கொள்கிறோம். "எதிலும் தவறே செய்யாதவரை என் குட்டு வெளிப்படாது." "எல்லோருக்கும் சரி என்று சொல்லிவிட்டால் என்னை ஒதுக்க மாட்டார்கள்." விதி காக்கப்படும்வரை ஆள் கெட்டிக்காரராகத் தெரிவார். ஒரு அரியர், ஒரு நிராகரிப்பு வந்தால் சரிந்துவிடுவார். அன்றாட எண்ணங்களைத் திருத்துவதோடு இங்கே நிறுத்த முடியாது. விதியையே சோதிக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு எழுத்துப்பிழையோடு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னால், வகுப்பில் முதலாவதாக வருபவர்களுக்கு முகம் வெளிறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இது பலிக்காத இடங்கள் உண்டா?

உண்டு. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் விடுதித் தோழர்கள், கை நீட்டும் கணவர், பெண்ணென்பதால் கூட்டத்தில் பேசவே விடாத மேலாளர்: இப்படிப்பட்டவர்கள் நடுவில் இருப்பவரிடம் "உங்கள் எண்ணத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்பது கொடுமை. அவருடைய எண்ணம் சரியாகவே இருக்கிறது, சூழல்தான் தவறு. அங்கே புகார், சட்டம், இடமாற்றம், துணைக்கு ஆட்கள் ஆகியவைதான் முதலில். "இத்தனை பேர் சொல்வதால் நான் தாழ்ந்தவன்தான்போல" என்று உள்ளே பதிந்துபோன பகுதி இருந்தால், அதற்கு மட்டும் இந்த முறை கைகொடுக்கும்.

வீட்டுப்பாடம் செய்யாதவர்களுக்கும் பலிக்காது. வாரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, மீதி நூற்று அறுபத்தேழு மணி நேரம் பழைய வாழ்க்கை என்றால் எது ஜெயிக்கும்?

எத்தனை அமர்வுகள்? மருந்தும் தேவைப்படுமா?

வாரம் ஒன்றாகப் பொதுவாக எட்டு முதல் இருபது வரை. வெறும் தயக்கத்துக்கு மருந்து கிடையாது. கூடவே கடுமையான மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் மனநல மருத்துவர் மருந்து தரக்கூடும். இரண்டும் சேர்ந்து நடப்பதில் முரண் ஏதும் இல்லை.

யாரிடம் போவது? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சி.பி.டி.யில் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். வாரயிறுதிப் பட்டறைச் சான்றிதழை மாட்டிவைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. 18 வயதைக் கடந்தவர் தானே முடிவெடுத்து வரலாம். இரகசியம் காக்கப்படுவது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த வார அமர்வுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. இரண்டும் இரவிலும் இயங்குகின்றன.

செயலிகளையோ புத்தகங்களையோ வைத்து நானே செய்துகொள்ளலாமா?

லேசான தயக்கத்துக்குச் செய்யலாம். எண்ணப் பதிவை எழுதவும் சிறிய சோதனைகளைத் திட்டமிடவும் ஆள் தேவையில்லை. ஆனால் உங்கள் ஊன்றுகோல்களை நீங்களே கண்டுபிடிப்பது கடினம். எந்நேரமும் ஆறுதல் சொல்லும் உரையாடல் செயலியே சிலருக்கு ஊன்றுகோலாகிவிடுகிறது: மேலாளரிடம் கேட்க வேண்டியதை இரவு இரண்டு மணிக்கு அதனிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு அந்த நோட்டை என்ன செய்வது?

எறிந்துவிடாதீர்கள். வேலை மாறும்போதும் ஊர் மாறும்போதும் பழைய பயம் எட்டிப்பார்க்கும். அப்போது கணிப்புகள் எழுதிய பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். போன வருடம் முடித்துவிட்டுப் போன ஒருவர், புதிய வேலையில் சேர்வதற்கு முதல் நாள் அப்படிப் புரட்டினாராம். இருபத்தேழு கணிப்புகளில் பலித்தவை நாலு. அவற்றில் ஒன்று, மழை வரும் என்பது.